கென்சிங்டன் பூங்காவின் மரக்கப்பல்

இலண்டனுக்குப் போய் வந்தேன் என்றால் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அரச மாளிகை பார்த்தீர்களா, தேம்ஸ் நதியின் பாலம் பார்த்தீர்களா, மெழுகுச் சிலைகள் பார்த்தீர்களா என்பார்கள். 2018 ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஏழு வாரம் அங்கே தங்கியிருந்த நான் இவற்றில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒரே இடத்துக்கு ஆறு தடவை போனேன். அது சிறுபிள்ளைகள் விளையாடும் ஓர் இடம்.

என் தங்கையின் மகளுக்கு இரண்டாவது பிரசவம். உதவிக்கு ஆள் வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். தங்கை இப்போது இல்லை. ஆகையால் தாயின் இடத்தில் நான்தான் நிற்க வேண்டும். அவர்கள் இருப்பது ஈஸ்ட்ஹாம் பகுதியில். வாசலைத் தாண்டினால் முருங்கைக்காயும் மிளகாய்த்தூளும் விற்கும் தமிழ்க் கடைகள். கொஞ்சத் தூரத்தில் முருகன் கோவில். வெய்யிலும் நம்மூர் வெய்யில்தான். அந்த வருடக் கோடை இங்கிலாந்தில் வழமைக்கு மாறாகச் சுட்டெரித்தது. பூங்காப் புல்லெல்லாம் நமது சித்திரை மாதத்தைப் போல மஞ்சளாய்க் காய்ந்து கிடந்தது.

மூத்த பேரனுக்கு அப்போது நாலரை வயது. அவனுக்கு டவுண் சின்ட்ரோம். மனிதரின் கலங்களில் 21 ஆவது நிறமூர்த்தம் இரண்டு இருக்க வேண்டும். இப்பிள்ளைகளுக்கு அது மூன்றாக இருக்கிறது. கருவிலேயே நேர்ந்துவிடும் இந்த மாற்றத்துக்குத் தாய் உண்டதோ, கிரகணத்தன்று வெளியே போனதோ, முற்பிறப்பில் யாரோ செய்ததோ காரணம் கிடையாது. தசைகள் தளர்வாக இருப்பதனால் நடை பிந்தும். பேச்சு அதைவிடப் பிந்தும். அறிவு வளர்ச்சியும் மெதுவாகவே நடக்கும். எங்கள் பேரன் இரண்டரை வயதில்தான் நடந்தான். நான் போனபோது அவன் வாயிலிருந்து தெளிவாக வந்த சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான். ஆனால் கைகளால் நிறையக் கதைப்பான். மக்கட்டன் என்று ஒரு சைகை முறை அங்கே இருக்கிறது. சொல்லைச் சொல்லிக்கொண்டே கையாலும் காட்டுவார்கள். பேச்சு வரும்வரை பிள்ளை மனதில் உள்ளதைச் சொல்ல அது உதவுகிறது. சைகை பழக்கினால் பிள்ளை பேச மாட்டான் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். இவனுடைய ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் முன்னால் அதன் சைகைதான் வந்தது என்று தாய் குறித்து வைத்திருந்த கொப்பியை எனக்குக் காட்டினாள்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் உள்ள சின்னப் பூங்கா ஒன்று இருந்தது. அங்கே ஏன் இவனைக் கொண்டு போவதில்லை என்று முதல் வாரமே கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துத் தானாகவே சொன்னாள். ஒரு நாள் அங்கே இவன் இன்னொரு பிள்ளையின் சுருட்டை மயிரைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். அந்தப் பிள்ளையின் தாய் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், அவ்வளவுதான். அவரும் நமது தமிழ்ப் பெண்தான்.

“பெரியம்மா, வெள்ளைக்காரர் விலகிப் போனா அவையின்ர பழக்கம் எண்டு விட்டிடலாம். எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யேக்குள்ள தாங்கேலாமல் கிடக்கு” என்றாள்.

அன்றிலிருந்து பூங்கா இல்லை. வீட்டு அறையும் தொலைக்காட்சியும் கட்டிலில் குதிப்பதும்தான் அவனுக்கு விளையாட்டு. முப்பது வருடம் முன்பள்ளியில் பிள்ளைகளோடு கிடந்தவள் நான். நாலரை வயதுப் பிள்ளை நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்மணி கென்சிங்டன் பூங்காவில் உள்ள விளையாட்டிடத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தாராம். “வா, போய்ப் பாத்திட்டு வருவம்” என்று நான்தான் கிளப்பினேன். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

நிலக்கீழ் ரயிலில் மைல்எண்ட் வரை போய், எதிர் மேடையில் நிற்கும் சென்ரல் பாதை ரயிலில் ஏறினால் நேராகக் குயின்ஸ்வே. சொல்வதற்கு எளிது. கோடையில் அந்த ரயில் போறணை போலக் கொதிக்கும். தள்ளுவண்டிலும் வயிறும் பையுமாக நாங்கள் போய்ச் சேர்ந்து, மின்தூக்கியில் மேலே வந்து வீதியைக் கடந்தால் பூங்காவின் வாசல். உள்ளே நுழைந்த கையோடு விளையாட்டிடம் வந்துவிடுகிறது. கட்டணம் ஒன்றும் கிடையாது. ஆனால் வாசலில் ஆள் நிற்கிறார். பிள்ளை இல்லாமல் வரும் பெரியவர்களை உள்ளே விட மாட்டார்கள். காலையில் திறந்ததும் கொஞ்ச நேரம் மட்டும் அவர்கள் சுற்றிப் பார்க்கலாமாம். நமது பொது இடங்களில் இதற்கு நேர்மாறாகப் பெரியவர்கள் உட்கார்ந்து பிள்ளைகளைத் துரத்துவது என் நினைவுக்கு வந்தது.

1997 ஆம் ஆண்டில் கார் விபத்தில் இறந்த இளவரசி டயானாவின் நினைவாக இது அமைக்கப்பட்டது. அவர் வாழ்ந்த கென்சிங்டன் மாளிகை அருகிலேயே உள்ளது. திறக்கப்பட்டது 2000 யூன் 30 ஆம் திகதி. பீற்றர் பான் கதையை எழுதிய ஜே. எம். பரி இந்தப் பூங்காவுக்கு எதிரே குடியிருந்தவர். அதனால் இவ்விடமும் அந்தக் கதையின் சாயலில் அமைந்திருக்கிறது. நடுவிலே மணலில் தரைதட்டியது போல ஒரு பெரிய மரக்கப்பல். பாய்மரமும் கயிறுகளும் உண்டு. ஒரு பக்கம் அப்போது செவ்விந்தியரின் கூடாரங்கள் இருந்தன. இன்னொரு பக்கம் தட்டினால் ஒலிக்கும் கருவிகள். தொட்டும் மணந்தும் பார்க்கத்தக்க செடிகளுக்கூடாக ஒரு நடைபாதை. உடல், உள வளர்ச்சியில் குறைபாடுள்ள பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளும் ஒரே இடத்தில் கலந்து விளையாட வேண்டும் என்பது தொடக்கத்திலேயே போடப்பட்ட திட்டம். “ஊனமுற்றோருக்கு” என்று ஒரு மூலையை ஒதுக்கிப் பலகை மாட்டியிருக்கவில்லை. எனக்கு அதுதான் முதலில் பிடித்தது.

பேரனுக்குக் கப்பல் தேவைப்படவில்லை. மணலைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் காலை நீட்டினான். பிறகு ஒரு மணித்தியாலம் எழும்பவில்லை. ஒரு கையால் அள்ளுவான், மறு கையில் ஊற்றுவான், மணல் விரலுக்கூடாக விழுவதைப் பார்த்துச் சிரிப்பான். மறுபடியும் அள்ளுவான். கொஞ்ச நேரத்தில் இவன் வயதுடைய இன்னொரு சிறுவன் வந்து இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து கிடங்கு தோண்டத் தொடங்கினான். ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை. மருமகன் கூட வந்த ஒரு நாள், “இதென்ன பெரியம்மா, அவன் தன்ரபாட்டுக்கு, இவன் தன்ரபாட்டுக்கு. இதுக்கு வீட்டிலயே மண் போட்டுக் குடுக்கலாமே” என்று கேட்டார்.

அப்படியில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி சிறுபிள்ளைகளின் விளையாட்டை உற்றுப் பார்த்து 1932 ஆம் ஆண்டில் எழுதியதை முன்பள்ளிப் பயிற்சியில் நாங்கள் படித்திருக்கிறோம். பிள்ளை முதலில் தனியே விளையாடும். மற்றவர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அதே போல விளையாடும். கூடிக் கலந்து விளையாடுவதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். பக்கத்தில் இருந்து விளையாடும் கட்டம் வெறும் இடைவேளை மாதிரித் தெரிந்தாலும், பிள்ளை மற்றவனின் கையைக் கவனித்துக்கொண்டேதான் இருக்கும். வளர்ச்சி பிந்தும் பிள்ளை இந்தக் கட்டத்தில் கூடுதல் காலம் நிற்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை வேண்டும். அதை வீட்டு அறையில் நாம் எப்படிக் கொடுப்பது? மூன்றாம் தடவை போனபோது பேரன் அள்ளுவதை விட்டுவிட்டுக் கிடங்கு தோண்டினான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மணலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதில் தோற்றவர் இல்லை, முறை தவறியவர் இல்லை, “உனக்குத் தெரியாது, தள்ளி நில்” என்று சொல்ல ஆளும் இல்லை. சறுக்குப் பலகையில் ஏணியின் நடுவில் ஒரு பிள்ளை தயங்கி நின்றால் பின்னால் நிற்கும் நாலு பேர் கத்துவார்கள். மணலில் மெதுவானவனும் வேகமானவனும் ஒரே குவியலில் இருக்கலாம். ஊஞ்சலும் தண்ணீரும் இப்படியே.

நான் மறக்க முடியாத காட்சி ஒன்று அங்கேதான் நடந்தது. இவன் வைத்திருந்த வாளியில் ஒரு சிறுமி மணல் நிரப்பிக் கொடுத்தாள். ஆறு வயதிருக்கும். வாளி நிரம்பியதும் இவன் கவிழ்த்துவிட்டு “இன்னும்” என்று கையால் காட்டினான். அந்தப் பிள்ளை திகைக்கவில்லை. அதே சைகையைத் திருப்பிக் காட்டி, “இன்னுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எங்கே பழகினாய் என்று மகள் விசாரித்தாள். தொலைக்காட்சியில் என்றாள். பி.பி.சி.யின் சிறுவர் அலைவரிசையில் 2003 ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு நிகழ்ச்சியில் மிஸ்டர் ரம்பிள் என்ற கோமாளி மக்கட்டன் சைகையோடுதான் கதைப்பார். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நிகழ்ச்சியை நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கிறார்கள். அதனால் அந்தப் பிள்ளைக்கு இவனுடைய மொழி கொஞ்சம் தெரிந்திருந்தது. மகள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை.

எல்லாமே அங்கே நிறைவு என்று சொல்ல மாட்டேன். அன்றிருந்த கப்பலின் கயிறுகளில் தொங்கி ஏறப் பலமான கைகள் வேண்டியிருந்தன. இவனால் கடைசிவரை மேலே போக முடியவில்லை. சனிக்கிழமைகளில் வாசலில் நீண்ட வரிசை நிற்கும். இத்தகைய பிள்ளைகளுக்குக் காத்திருப்பதுதான் மிகக் கடினம். இசைக்கருவிகளின் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அழுத ஒரு சிறுவனையும் கண்டேன். ஒரு பிள்ளைக்கு மருந்தாவது இன்னொரு பிள்ளைக்கு நோவாகிறது. ஒரே அமைப்பு எல்லோருக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் அவனுக்குப் பின்னால் நிழல் போலத் திரிந்தாள். அவன் ஒரு கல்லில் ஏறினால் இரண்டு கையும் நீளும். இன்னொரு பிள்ளை கிட்ட வந்தால் “மன்னிக்கவும்” என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டாள். அவன் ஒன்றுமே செய்திருக்கவில்லை. எட்டு மாத வயிற்றோடு எத்தனை தரம் குனிவது? கையைப் பிடித்து வாங்கில் இருத்தினேன். “விடு மோனை, மணல்தானே” என்றேன். அவன் விழுந்தான். வாயெல்லாம் மண். எங்களைத் திரும்பிப் பார்த்து அழுவதா விடுவதா என்று யோசித்தான். பிறகு துப்பிவிட்டு எழும்பினான். ஒரு விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. டவுண் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் உறுதியில்லாமல் இருக்கக்கூடும். ஆகவே தலைகீழாகக் கரணம் போடுவது, துள்ளு மெத்தையில் குதிப்பது போன்றவற்றுக்கு முன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டிலில் குதிப்பதைக்கூட அன்றிலிருந்து நிறுத்தச் சொன்னேன்.

விழ விடுவது என்றதும் இன்னொரு பெண்மணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கென்சிங்டனுக்கு அடுத்துள்ள செல்சி பகுதியில் 1970 ஆம் ஆண்டில், பழைய குருமனைத் தோட்டம் ஒன்றில், ஊனமுற்ற பிள்ளைகளுக்காக ஒரு சாகச விளையாட்டிடம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னின்றவர் ஹெர்ட்வூட் சீமாட்டி அலன் அம்மையார். தோட்டக்கலை படித்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946 இல் டென்மார்க்கின் எம்ட்ரப் என்ற இடத்துக்குப் போனார். அங்கே ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943 இல், பழைய பலகை, செங்கல், கயிறு இவற்றைக் கொண்டு பிள்ளைகளே தமக்கு வேண்டியதைக் கட்டி விளையாட ஓர் இடம் அமைத்திருந்தார்கள். குண்டு விழுந்து வெறுமையாய்க் கிடந்த இலண்டன் காணிகளுக்கு அந்த எண்ணத்தைக் கொண்டு வந்தவர் இவர்தான். முதுமையில் ஊனமுற்ற பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். கை கால் விளங்காத பிள்ளைக்கும் மண்ணும் நெருப்பும் தண்ணீரும் உயரமும் தெரிய வேண்டும், பத்திரம் பத்திரம் என்று பொத்தி வைப்பதும் ஒரு தீங்குதான் என்பது அவருடைய கட்சி. போருக்குப் பின் வெறுங்காணிகளைக் கண்ட நமக்கு இந்தக் கதை அவ்வளவு தூரத்துக் கதை இல்லை.

மூன்றாம் வாரம் பேத்தி பிறந்தாள். அதன் பின் மருமகனின் லீவு நாட்களில் அவரும் நானும் பேரனைக் கொண்டு போனோம். நான் திரும்புவதற்கு முந்திய கிழமை, மகள் கைக்குழந்தையோடு பேரனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்கே போய் வந்தாள். என்ன நடந்தது என்று நான் கேட்டதற்கு, “ஒண்டும் நடக்கேல்லை, விளையாடினான்” என்றாள்.

ஊருக்கு வந்த பிறகு என் மனதில் கிடந்து உழன்றது ஒரு சொல். ஒப்புக்குச் சப்பாணி. சின்ன வயதில் கிளித்தட்டோ ஒளித்துப் பிடித்தலோ விளையாடும்போது, தம்பி தங்கச்சியோ விளையாட்டு விளங்காத பிள்ளையோ அழுதுகொண்டு வந்தால் இப்படிச் சேர்த்துக்கொள்வோம். அவரைத் தொட்டாலும் ஆட்டமிழப்பு இல்லை. அவர் தொட்டாலும் கணக்கில்லை. யாரும் பயிற்சி கொடுக்காமலே நமது பிள்ளைகள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அதில் இரக்கம் இருக்கிறது. பெயரில் ஏளனமும் இருக்கிறது. அந்தப் பிள்ளை கூட்டத்தில் நிற்கும், ஆட்டத்தில் இராது. வளர்ந்த பிறகும் நாம் இதையே செய்கிறோம். கலியாண வீட்டுக்குக் கூட்டிப் போவோம், மூலைக் கதிரையில் இருத்துவோம்.

சட்டத்தில் குறையில்லை. பிள்ளையின் விளையாடும் உரிமையைச் சொல்லும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இலேயே ஏற்றுக்கொண்டது. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் ஏனைய பிள்ளைகளோடு சமமாகப் பங்குகொள்ளும் உரிமை பற்றி மாற்றுத்திறனாளிகள் சமவாயத்தின் 30 ஆவது உறுப்புரை தனியாகவே சொல்கிறது. அதையும் 2016 இல் ஏற்றாயிற்று. கென்சிங்டன் கப்பலை நாம் யாழ்ப்பாணத்தில் கட்டப் போவதில்லை. ஆனால் மணல் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பின்னேரம் போய்ப் பாருங்கள். வீதியில் கொட்டிய மணலில் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் எத்தனை பிள்ளைகள் புரளுகிறார்கள். உலகம் முழுதும் பரவிய விசேட ஒலிம்பிக் இயக்கத்தின் வேரும் ஒரு வீட்டு முற்றம்தான். அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு சகோதரியைக் கொண்ட யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், 1962 ஆம் ஆண்டு மேரிலாந்தில் தம் வீட்டு வளவில் இத்தகைய பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்தினார். ஆறு வருடம் கழித்துத்தான் சிக்காகோவில் முதற் போட்டி. இன்று அவ்வியக்கத்தில் 2 முதல் 7 வயது வரையான குழந்தைகளுக்கும் ஒரு பிரிவு உண்டு. குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாகவே பந்து உருட்டுகிறார்கள், கோட்டில் நடக்கிறார்கள், சால்வைத் துண்டை எறிந்து பிடிக்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறாள். பிறக்கும்போதே மூச்செடுக்கச் சுணங்கியதால் வளர்ச்சி பிந்தியவள். மாலையில் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நிற்பாள். “அவளுக்கு விளங்காது ரீச்சர்” என்பார் தாய். மதில் கட்டி மிஞ்சிய மணலை எங்கள் வேப்ப மரத்தடியில் கொட்டுவித்து, ஒழுங்கைப் பிள்ளைகளுக்குச் சிரட்டையும் பழைய கரண்டியும் கொடுத்தேன். இவளையும் கூட்டி வரச் சொன்னேன். “இது தொத்துமா?” என்று ஒரு தாய் என்னிடம் தனியாக வந்து கேட்டார். தொத்தாது என்றேன். அவருடைய பிள்ளை ஒரு கிழமை வரவில்லை, பிறகு வந்தது.

பந்தை எறிந்தால் அவளால் பிடிக்க முடிவதில்லை. இருந்தபடி உருட்டினால் பிடிக்கிறாள். பலூன் மெதுவாக இறங்குவதால் அதையும் பிடிக்கிறாள். ஒன்றைச் சொன்னால் உடனே திருப்பிச் சொல்லாமல் மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். இதைப் பெரியவர்களைவிட அந்தப் பிள்ளைகள் விரைவில் பழகிவிட்டார்கள். ஒளித்துப் பிடித்தலில் அவளை இன்னும் சேர்ப்பதில்லை. வழி கேட்டிருக்கிறார்கள், யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

பின்னேரம் நாலு மணிக்கு அவள் தன் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் படலையைத் தட்டுகிறாள். தாயும் கூடவே வருகிறார். உள்ளே வரச் சொன்னால் வேலை கிடக்கிறது என்கிறார். ஆனால் இருட்டும்வரை படலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.